அந்தப் பிள்ளைக்கென்று தனித் தட்டு வேண்டாம்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டிலேயே கேக்கும் சிற்றுண்டிகளும் செய்து பிறந்தநாள் விழாக்களுக்குக் கொடுத்து வருகிறேன். அடுத்த மாதம் 40 பிள்ளைகள் கூடும் விழா ஒன்றுக்கு ஓடர் கிடைத்திருக்கிறது. அவர்களில் 6 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கச்சான் (நிலக்கடலை), கஜு (முந்திரிப் பருப்பு), முட்டை மூன்றும் ஒத்துக்கொள்ளாதாம். ஒருமுறை கஜு தின்று உதடு வீங்கி, வைத்தியசாலையில் ஓர் இரவு வைத்திருந்தார்கள் என்று தாய் சொன்னார். கேக்கின் மேலே உள்ள கஜுவை எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதுமா? கட்லட் பொரித்த எண்ணெயிலேயே அவளுக்கு வேறு ஏதாவது பொரித்துக் கொடுக்கலாமா? முன்கூட்டியே அலர்ஜிப் பாணி ஒரு கரண்டி கொடுத்துவிட்டால் பயமில்லை என்கிறார் என் மாமியார். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பழக்கினால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார். இந்த ஓடரை நான் எடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, ஓடரை எடுக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட முதல் மூன்று வழிகளில் ஒன்றுகூட வேண்டாம். கஜுவை எடுத்துவிட்டுக் கொடுக்காதீர்கள். அதே எண்ணெயில் பொரிக்காதீர்கள். பாணி மருந்தை நம்பி எதையும் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் "கிரந்தி" என்று சொல்லிவிடுவோம். இறால் கிரந்தி, தக்காளி கிரந்தி என்று பெரியவர்கள் விலக்குவார்கள். கொஞ்சம் சொறியும், பிறகு அடங்கும் என்பதே அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்ணம். இந்தச் சிறுமிக்கு இருப்பது அதுவல்ல. அவளுடைய உடலின் பாதுகாப்பு முறைமை கஜுவில் உள்ள புரதத்தை எதிரியாகப் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் புரதம் மறுபடி உள்ளே போனதும் தோல், குடல், மூச்சுக்குழாய் எங்கும் இருக்கும் சில கலங்கள் வெடித்தாற்போல ஹிஸ்டமின் முதலிய பொருட்களைக் கொட்டுகின்றன. தடிப்பும் வீக்கமும் வாந்தியும் மூச்சிழுப்பும் அதனால்தான் வருகின்றன. மிக மோசமானால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். இதைத் தூண்ட ஒரு முழுக் கஜு தேவையில்லை. கத்தியில் ஒட்டிய துகள் போதும்.

கத்தி என்று சும்மா சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் வைத்தியசாலையில் இரவுக் கடமையில் இருந்தபோது ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் தகப்பன் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். முகம் முழுவதும் தடிப்பு, குரல் கம்மியிருந்தது, நெஞ்சில் விசில் சத்தம். ஊசி போட்டுப் பிள்ளை தேறிய பிறகு தாயிடம் கேட்டேன். அவனுக்கென்று கஜு போடாத கேக் தனியாகத்தான் செய்திருந்தார்கள். யாரோ ஒருவர் கஜு போட்ட ரிச் கேக்கை வெட்டிய அதே கத்தியால் அவனுடைய கேக்கையும் வெட்டியிருக்கிறார். அந்தத் தாய் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "நான்தானே டொக்டர் பார்த்துப் பார்த்துச் செய்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. அவர் செய்ததில் பிழை இல்லை. ஒரே மேசையில் இரண்டு வகைக் கேக் இருந்ததுதான் பிழை.

அதனால்தான் உங்களிடம் ஒன்றை வலியுறுத்திக் கேட்கிறேன்: அந்தச் சிறுமிக்கென்று தனித் தட்டு வைக்காதீர்கள். அந்த விழாவின் மேசை முழுவதையும் அவள் சாப்பிடக்கூடியதாக ஆக்கிவிடுங்கள். 40 பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் தனித் தட்டு தனித் தட்டாக இருக்காது. ஒருவன் கடித்த ரோல்ஸை மற்றவள் வாங்கிக் கடிப்பாள்; மிக்சர் தின்ற கை அவளுடைய கோப்பைக்குள் போகும். தவிர, மற்றவர்கள் கேக் தின்னும்போது தான் மட்டும் மூலையில் டப்பாவைத் திறந்து தின்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கும் என்பது அந்தத் தாய்மார்களுக்குத்தான் தெரியும். கச்சானும் கஜுவும் முட்டையும் இல்லாமல் ஒரு பின்னேரம் மற்ற 39 பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் வந்துவிடாது.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். நமது பலகாரங்களில் முட்டையும் பருப்புக் கொட்டையும் சேராதவை நிறைய உண்டு. பயறும் தேங்காய்ப்பூவும் வைத்த மோதகம், கொழுக்கட்டை, நீங்களே மா பிசைந்து பிழிந்த முறுக்கு, மாவில் முட்டை சேர்க்காமல் உருளைக்கிழங்கு வைத்த பட்டிஸ், உளுந்து வடை, பழத்துண்டுகள் எல்லாம் கொடுக்கலாம். கட்லட்டும் கொடுக்கலாம், முட்டையில் தோய்ப்பதற்குப் பதிலாகக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அதில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரியுங்கள். தூளையும் நீங்களே இடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் தூள் எந்தப் பணிஸில் இருந்து வந்தது என்று தெரியாது. வட்டிலப்பம், மஸ்கட், தொதல், புடிங் அன்றைக்கு வேண்டாம். வட்டிலப்பத்தில் முட்டையும் கஜுவும் இரண்டுமே இருக்கின்றன.

கேக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். என்னிடம் சிகிச்சைக்கு வரும் பிள்ளை ஒன்றின் தாய் சொல்லித் தந்தது. ஒன்றரைக் கப் கோதுமை மா, ஒரு கப் சீனி, மூன்று மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் அரித்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரு கப் தண்ணீர், ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு தேக்கரண்டி வனிலா ஊற்றிக் கட்டியில்லாமல் அடித்து, உடனே 180 பாகை வெப்பத்தில் அரை மணித்தியாலம் போல் வேகவிடுங்கள். வினாகிரியும் சோடாவும் சேர்ந்து பொங்குவதால் முட்டை இல்லாமலே கேக் எழும்பும். கலவையைக் காத்திருக்க வைத்தால் பொங்கல் அடங்கிக் கேக் தட்டையாகிவிடும். இதில் பாலும் இல்லை. ஐசிங்கை முட்டை வெள்ளைக்கரு சேர்க்காமல் செய்யுங்கள். மேலே பிஸ்தா தூவ வேண்டாம். கஜுவும் பிஸ்தாவும் நெருங்கிய உறவு. ஒன்று ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

குசினியில் கவனிக்க வேண்டியது எண்ணெய்தான். முட்டையில் தோய்த்த கட்லட்டைப் பொரிக்கும்போது உதிரும் துகள்கள் தாச்சியின் அடியில் கிடக்கின்றன. அடுத்துப் போடும் எதிலும் அவை ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் எண்ணெய் கிருமியைக் கொல்லும், ஆனால் ஒவ்வாமை தரும் புரதத்தை நம்பத்தகுந்த அளவுக்கு அழிக்காது. கச்சானை வறுத்தால் அதன் ஒவ்வாமைத் தன்மை குறைவதும் இல்லை. ஆகவே புதிய எண்ணெய், நன்றாகக் கழுவிய தாச்சி, கழுவிய அகப்பை. கஜு அரைத்த மிக்ஸியின் கத்திக்கு அடியில் உள்ள இறப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், மாவு படிந்திருக்கும். அதைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கைகளும் அப்படித்தான். கிருமிநீக்கித் திரவத்தைத் தடவினால் கச்சான் புரதம் போகாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். முடியுமானால் அந்த ஓடர் வேலையை விடியற்காலையில், வேறு எதையும் தொடுவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

பொதிகளில் அச்சிட்டிருப்பதை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். போன மாதம் வாங்கிய அதே வகை என்று விட்டுவிட வேண்டாம்; செய்முறையை உற்பத்தியாளர் மாற்றியிருக்கலாம். ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நமக்குக் கடலை என்றால் கொண்டைக்கடலை, கச்சான் வேறு. இந்தியாவில் இருந்து வரும் பொதிகளில் கடலை என்பது நமது கச்சானாகவே இருக்கலாம். அல்புமின் என்று கண்டால் அது பெரும்பாலும் முட்டைதான். "கொட்டை வகைகளின் தடயம் இருக்கலாம்" என்று எழுதியிருந்தால் அதை இந்த விழாவுக்கு எடுக்காதீர்கள். கடையில் வாங்கும் மிக்சரையும், அதே கடையில் பொரித்த முறுக்கையும் தவிர்த்துவிடுங்கள். பெரிய பலூனுக்குள் டொபி நிரப்பி உடைக்கும் பழக்கம் இருக்கிறதே, அந்த டொபிகளையும், வீட்டுக்குக் கொடுத்துவிடும் பைகளையும் வாங்குவது நீங்களா, பிறந்தநாள் வீட்டாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மேசையில் எல்லாம் சரியாக இருந்து, கச்சான் சொக்லட் கைப்பையில் போய்விடக் கூடாது.

வேறு ஒரு விழாவில் பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை வரலாம். அப்போது எருமைத் தயிரோ ஆட்டுப்பாலோ பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். நம் ஊர்ச் சட்டித் தயிர் அருமையானதுதான், ஆனால் எருமைப் பாலின் புரதம் பசுப்பாலின் புரதத்தை மிகவும் ஒத்தது. தேங்காய்ப்பாலுக்கு மாறுங்கள். மீன் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் சீனிச் சம்பல் பணிஸில் மாசிக் கருவாடு இருப்பதை மறக்க வேண்டாம். வாவியை நம்பி வாழும் ஊர் நமது. இறால், நண்டு அவிக்கும் ஆவியே சிலருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும்.

மாமியார் சொன்ன பாணி மருந்துக்கு வருகிறேன். அது சொறியையும் தடிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும், மூச்சுத் திணறலையும், இரத்த அழுத்தம் விழுவதையும் தடுக்காது. முன்கூட்டியே கொடுத்தால் முதலில் தெரியவேண்டிய தடிப்பு மறைந்து, ஆபத்து நேராக மூச்சில் வந்து நிற்கும். கடுமையான ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றே. தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள். வைத்தியர் அதைக் கொடுத்து, போடவும் பழக்கியிருந்தால் தாய் அதை விழாவுக்குக் கொண்டுவர வேண்டும். கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

பழக்கினால் சரியாகும் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு, ஆனால் அது வேறு பிள்ளைகளுக்கு. 2015 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில் பாதிப்பேருக்குச் சிறு வயதிலேயே கச்சான் உணவு கொடுத்துப் பார்த்தார்கள்; அவர்களிடம் கச்சான் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. அது ஒவ்வாமை வருவதற்கு முன் செய்யும் வேலை. வந்துவிட்ட பிள்ளைக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பது நிபுணரின் கண்காணிப்பில், அவசர மருந்து பக்கத்தில் இருக்கச் செய்யும் சிகிச்சை. பிறந்தநாள் வீட்டில் யாரும் அதைச் செய்து பார்க்கக் கூடாது. முட்டை ஒவ்வாமை வளர வளரப் பெரும்பாலும் விலகிவிடும் என்று தாய்க்கு ஆறுதலாகச் சொல்லலாம். கச்சானும் கஜுவும் பெரும்பாலும் விலகுவதில்லை.

இவ்வளவு செய்தும் ஏதாவது நடந்தால்? குரல் கம்முதல், விடாத இருமல், நெஞ்சில் இழுப்பு, நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வெளிறிச் சோர்ந்து போதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். ஊசி இருந்தால் உடனே போடச் சொல்லுங்கள். ஒருவர் 1990 இற்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்கார விடலாம், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நிற்கவோ நடக்கவோ விட வேண்டாம். அவசரத்தில் மோட்டார் சைக்கிளில் நிமிர்த்தி இருத்திக் கொண்டு ஓடுவது நம் வழக்கம். அது ஆபத்து, இரத்த அழுத்தம் விழுந்த பிள்ளையைச் சட்டென்று நிமிர்த்தினால் இதயத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து உயிருக்கே கேடு வரலாம். அம்பியுலன்ஸ் தாமதமானால் வானிலோ காரிலோ படுக்க வைத்துப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஊசி போட்டுத் தேறிவிட்டாலும் போகத்தான் வேண்டும். சில மணித்தியாலங்களுக்குப் பிறகு மறுபடி வரக்கூடும்.

நாளைக்கே அந்தத் தாயுடன் பேசுங்கள். எந்தெந்த உணவு, முன்பு என்ன நடந்தது, முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறதா, விழாவில் பிள்ளையுடன் யார் இருப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முட்டு உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமை கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். பிறந்தநாள் வீட்டார் கஜு போட்ட ரிச் கேக் கட்டாயம் வேண்டும் என்று நின்றால், அந்தச் சிறுமிக்குச் சாப்பாடு தரும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டாம். தாயிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விழா அன்று மா, மாஜரின், கொக்கோ, டொபி என்று நீங்கள் பாவித்த பொதிகள் ஒன்றையும் எறியாதீர்கள். ஒரு பையில் போட்டு, கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை வைத்திருங்கள். தாய் வந்ததும் அவரிடம் காட்டுங்கள். வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் அந்தப் பையையும் கொண்டு வாருங்கள். பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்றுதான் நாங்களும் கேட்போம்.