தபால் அக்கா பதில்கள்: ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணுங்கள்

போன இதழில் எங்கள் பள்ளித் தோழிகள் கூடுவதைப் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. ஆகவே மாமியார் கேள்விகளும் மாடித்தோட்டக் கேள்விகளும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் 1984-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். ஆண்களை எல்லாம் சேர்த்துவிட்டோம். உடன் படித்த பெண்களில் பாதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபேஸ்புக்கில் தேடி அலுத்துவிட்டது. – வாசகர், நெல்லிக்குப்பம்

தம்பி, ஃபேஸ்புக்கில் கிடைக்கமாட்டார்கள். உங்களுக்குப் பிறந்ததிலிருந்து ஒரே இனிஷியல். அவர்களுக்குக் கல்யாணத்தோடு அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்துவிட்டது. முகப்புப் படத்தில் பேரக்குழந்தையோ முருகனோ இருப்பார். எந்த விஜயா உங்கள் விஜயா என்று எப்படித் தெரியும்?

கடலூரில் தபால் கவுன்டரில் நாற்பது வருடம் உட்கார்ந்து 2023-ல் ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்த வழி, ஆளைத் தேடாமல் தெருவைத் தேடுவது. பிறந்த வீட்டுத் தெருவுக்குப் போங்கள். காலை பதினோரு மணிக்குப் போங்கள், ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், விஷயம் தெரிந்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். பூக்கட்டுகிற அம்மா, ரவிக்கை தைக்கிற டெய்லர், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் பாட்டி என்று மூன்று பேரைக் கேட்டால் போதும். ‘அதுவா, விருத்தாசலத்துல கட்டிக்கொடுத்துச்சே’ என்று ஒரு நூல் கிடைக்கும்.

வீட்டையே விற்றுவிட்டார்களா? வாங்கியவரிடம் பேசுங்கள். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அக்கா தங்கை கையெழுத்து இல்லாமல் விவரம் தெரிந்தவர் யாரும் வீடு வாங்குவதில்லை. கணவர் பெயர், கதவு எண், ஊர் எல்லாம் பத்திரத்திலேயே இருக்கும். அதை வைத்து நேராகப் போய் நின்றுவிடாதீர்கள். வாங்கியவர் வழியாகவே போன் செய்யச் சொல்லி, அந்த அம்மாவுக்கு இஷ்டமிருந்தால் மட்டும் நம்பர் வாங்குங்கள். ஆண் நண்பர் தேடி வந்தால் பிரச்சினை ஆகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கூட ஒரு தோழியை அழைத்துப் போவது நல்லது.

கடிதமும் போடுங்கள். 2014-ல் நான் முப்பத்தோரு அழைப்பு அனுப்பினேன். ஒன்று திரும்பி வந்தது. உறையின் முகவரி மேல் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் நீலப் பென்சிலில் ‘டிசீஸ்டு’, காலமாகிவிட்டார், என்று எழுதியிருந்தது. அந்த ஊர் தபால்காரரின் கையெழுத்து. எத்தனையோ உறைகளில் அந்த வார்த்தையைப் பார்த்துத் திருப்பியனுப்பும் கட்டுக்குள் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தில் முகவரி இருந்த உறையில் அன்றுதான் பார்த்தேன். அவள் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். அவள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் மட்டும் அல்ல, எங்கள் வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது.

இன்னொன்று. ‘1984 பேட்ச்’ என்று யாரை எண்ணுகிறீர்கள்? பரீட்சை எழுதியவர்களை மட்டும்தானே? நாங்கள் 1973-ல் ஆறாம் வகுப்பில் ஐம்பத்து நாலு பேர். 1978-ல் பத்தாம் வகுப்புப் புகைப்படத்துக்கு நின்றது முப்பத்தேழு. நடுவில் நின்றுபோன பதினேழு பேர் எந்த பேட்ச்? வயசுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவள், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவள், பள்ளிக்கூடம் தூரம் என்று நின்றவள். தொலைந்துபோனவர்களைத் தேட வேண்டுமென்றால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். தலைமையாசிரியரிடம் முறையாகக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள், பழைய சேர்க்கைப் பதிவேடு பெரும்பாலும் பள்ளியிலேயே இருக்கும்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நண்பன் போன வருடம் இறந்துவிட்டான். அவன் நம்பரை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். சரிதானா? – வாசகர், வில்லியனூர்

எடுத்துவிடுங்கள். மனசுக்காகச் சொல்லவில்லை, செல்போன் கம்பெனி வழக்கத்துக்காகச் சொல்கிறேன். ரீசார்ஜ் செய்யாமல் துண்டித்த எண்ணை 90 நாளைக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் விதி. எங்கள் குரூப்பில் நடந்ததைக் கேளுங்கள். மூன்று வருடம் முன்பு தவறிய ஒரு தோழியின் பெயரில் ஒரு நாள் காலையில் புதுப்படம் வந்தது: கறுப்புக் கண்ணாடி போட்ட பையன், பைக் மேல் சாய்ந்துகொண்டு. கீழே அவள் பெயர்! எங்கள் போன்களில் அவள் பெயரோடு பதிந்த எண் அல்லவா. பண்ருட்டியில் இருப்பவள் என்னைக் கூப்பிட்டு அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எண்ணை எடுக்கும் முன் அவருடைய வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில வீடுகளில் மனைவியோ மகளோ அந்த சிம்மை உயிரோடு வைத்து, நீங்கள் போடும் காலை வணக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் இருக்கட்டும். அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தால் இன்னொரு முறை செத்ததுபோல் ஆகிவிடும்.

பெயர் இருக்க வேண்டிய இடம் நோட்டு. என்னிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. பழைய இனிஷியல், புது இனிஷியல், பிறந்த தெரு, இப்போதைய ஊர், பின்கோடு. போனவர்கள் பெயரை அடிப்பதில்லை. பக்கத்தில் தேதி மட்டும், பென்சிலில். ஏன் பென்சில் என்று கேட்டால் பதில் இல்லை.

கேள்வி: சாவுச் செய்தி வந்தால் எல்லோரும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அது போதுமா? – வாசகி, பண்ருட்டி

போதாது. ஆனால் ஒன்றும் போடாமல் இருப்பவனைவிட அவன் மேல். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. அதுவரை சாவுக்குத் தந்தி அடிக்க வந்தவர்கள்கூட ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு என்று விரல்விட்டு எண்ணி நாலே வார்த்தைதான் கொடுப்பார்கள். அடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள், அதுதான் வித்தியாசம். பதினாறாம் நாள் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு ஒரு நடை போய்வாருங்கள். பழம் வாங்கிப் போக வேண்டாம். பள்ளிக்கூடக் கதை ஒன்று கொண்டுபோங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாததாக.

கேள்வி: சந்திப்புக்காக வசூலித்த பணம் ஒரு நண்பர் பெயரில் வங்கியில் இருந்தது. அவர் திடீரென்று காலமாகிவிட்டார். 1,40,000 ரூபாய். எப்படிக் கேட்பது? – வாசகர், கடலூர் முதுநகர்

அண்ணே, தனி ஒருவர் கணக்கில் போட்ட பணம் வங்கியைப் பொறுத்தவரை அவருடைய பணம். நாமினி யாரோ அவர் கையில் போகும். நாமினியும் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தானே ஒழிய அவரே முதலாளி இல்லை. ஆகவே நீங்கள் போய் நிற்கப்போவது துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் முன்னால். காரியம் முடிந்து ஒரு மாதமாவது போகட்டும். இரண்டு பேர் மட்டும் போங்கள். யார் எவ்வளவு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்ற பட்டியலைக் கையில் வைத்திருங்கள், முதல் பேச்சிலேயே நீட்டாதீர்கள். அந்த வீட்டில் பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டு வாருங்கள். இது என் கட்சி. உங்கள் நண்பர்களில் நாலு பேர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இனிமேலாவது, ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதிந்து, சங்கத்தின் பெயரிலேயே கணக்கு தொடங்கலாம். வருடா வருடம் கணக்குக் காட்டும் தொல்லை வேண்டாமென்றால் பணத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். அன்றைய சாப்பாட்டுக்கு அன்றைக்கு வசூல். பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசை, அதுவும் அரசுப் பள்ளி என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் நேரடியாகவே கட்டலாம். நடுவில் யார் கணக்கும் வேண்டாம்.

கேள்வி: பள்ளியில் மனசுக்குப் பிடித்திருந்த பெண்ணின் நம்பர் குரூப் வழியாகக் கிடைத்திருக்கிறது. பேசலாமா? – வாசகர், தவளக்குப்பம்

உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேசலாம்.

கேள்வி: நாங்கள் கூடும்போதெல்லாம் இறந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம் என்று ஆரம்பித்து, பாதிப் பேர் அழுது, சாப்பாடு இறங்காமல் போகிறது. இந்த முறை அதை விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன செய்கிறீர்கள் அக்கா? – வாசகி, பாகூர்

மௌனத்தை விட்டுவிடுங்கள், ஆட்களை விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் கூடுவது தை ஐந்தாம் நாள், ஆற்றுத் திருவிழா அன்று. பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்த பெண்கள் அதுவரை ஊரில்தான் இருப்பார்கள், தனியாக பஸ் காசு வேண்டாம் என்ற கணக்குதான். சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வந்திருக்கும். நாங்கள் மணலில் துண்டை விரித்து, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு உட்காருவோம். சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டைப் பிரிப்பேன். பென்சில் தேதி போட்ட பெயர் ஒவ்வொன்றாக வாசிப்பேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புகழக் கூடாது, அது மட்டும்தான் விதி. ‘என் நெல்லிக்காயைத் திருடித் தின்னவ’, ‘சயின்ஸ் டீச்சர் மாதிரி நடந்து காட்டி முட்டி போட்டவ’, ‘என் இங்க் பேனாவைக் கடைசிவரைக்கும் குடுக்கவேயில்லை, கடன்காரி’. அழுகை வருகிறதுதான். ஆனால் சிரிப்போடு வருகிறது, சோறும் இறங்குகிறது.

இந்த வரிசையில் ஒரு பெயர் வரும்போது நான்தான் சொல்ல வேண்டும். அவள் தேவனாம்பட்டினத்துப் பெண். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். புகைப்படத்தில் இல்லை. பல வருடம் கழித்து மஞ்சக்குப்பத்தில் மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு என் கவுன்டருக்கு வந்தாள். ‘ஏய், நீ கடைசி பெஞ்சுதானே’ என்றாள். மகன் சென்னையில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தான். மாதா மாதம் ஐந்தாம் தேதி முந்நூறு ரூபாய் மணியார்டர், கமிஷன் பதினைந்து ரூபாய். ‘நீயே எழுதிடு, என் கையெல்லாம் மீன்’ என்பாள். மணியார்டர் ஃபாரத்தின் அடியில் செய்தி எழுதச் சின்ன இடம் இருக்கும். பணத்தோடு அந்தத் துண்டையும் கிழித்துக் கொடுப்பார்கள். ‘என்ன எழுத?’ என்று கேட்டால் எல்லா மாதமும் ஒரே பதில்தான்: ‘நல்லா சாப்பிடுன்னு எழுது.’

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மேல் அந்தக் கடற்கரையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி ஐந்தாம் தேதி கவுன்டரில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகவரியை நான் ஒருநாளும் நோட்டில் எழுதியதில்லை. மாதா மாதம் வருகிறவளுக்கு முகவரி எதற்கு? மகனுடைய விடுதி முகவரி மட்டும் மனப்பாடமாக இருந்தது. ஒரு இன்லண்டு லெட்டர் போட்டேன். பதில் இல்லை.

மே மாதம் அந்தப் பையன் வந்தான். பர்சிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்தான். எல்லாம் மணியார்டர் துண்டுகள். ‘அம்மா எட்டாவதுதான் படிச்சாங்க, எழுத்தைப் பாருங்க மேடம், எவ்வளவு அழகு’ என்றான். ஒவ்வொன்றிலும் ‘நல்லா சாப்பிடு’. ‘ல்’ மேல் நான் வைக்கும் புள்ளி எப்போதும் வட்டமாக இருக்கும்.

நான் ‘ஆமாம்ப்பா’ என்றேன்.

பத்து வருடம் இதைத் தோழிகளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு தை மாதம் ஆற்றில் சொன்னேன், அவர்களும் அவனிடம் சொல்லக் கூடாது என்றே முடிவு செய்தார்கள். இப்போது எழுதிவிட்டேன். இந்தப் பத்திரிகையை அவன் படிப்பானா, தெரியாது. அவனுடைய நம்பர் நோட்டில் அவள் பெயருக்கு நேராக இருக்கிறது. தைக்கு அவனையும் கூப்பிடுவோம், மூன்று முறை வந்திருக்கிறான். வரும்போது வஞ்சிரம் கொண்டு வருவான், ஆற்றங்கரையில் சாமி வந்திருக்கும்போது கவிச்சையா என்று இரண்டு பேர் முணுமுணுப்பார்கள், அது தனிச் சண்டை.