நடந்தால் வரும் நெஞ்சு இறுக்கம் வாயுவா?

கேள்வி: வயது 49. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு மாதமாக, இரவு சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது நடுநெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. நின்று இரண்டு ஏப்பம் விட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இசிஜி நார்மல். இது வாயுதானே டாக்டர்?

பதில்: வாயு என்று விட்டுவிடாதீர்கள். ஏப்பம் விடுவதற்காக நீங்கள் நின்றுவிடுகிறீர்கள், கவனித்தீர்களா? வலியை அடக்குவது ஏப்பமாக இல்லாமல், அந்த ஓய்வாக இருக்கலாம். நடக்கும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், வயிறு நிறைந்திருந்தால் இதயத்தின் வேலை இன்னும் கூடும். ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அந்த ரத்தம் போய்ச் சேராது, நெஞ்சு இறுக்கும். நின்றதும் தேவை குறைந்து வலி அடங்கும். இதைத்தான் ஆஞ்சைனா என்கிறோம்.

ஒரே விரலால் தொட்டுக் காட்டும் வலி, சுருக்கென்று குத்தி வினாடிகளில் மறைவது, அழுத்தினால் வலிப்பது எல்லாம் பெரும்பாலும் இதயத்தில் இருந்து வருவதில்லை. உள்ளங்கையை நெஞ்சில் பரப்பி 'இங்கெல்லாம் அழுத்துகிறது' என்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கை, தாடை, முதுகுக்கும் அது பரவலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும் வருவதும் உண்டு.

சரி, இசிஜி? வலி இல்லாத நேரத்தில் எடுத்தால், அடைப்பு இருந்தும் அது நார்மலாக வரலாம். மாரடைப்பிலேயே முதல் இசிஜி சில சமயம் ஒன்றும் காட்டாது. அதனால்தான் மருத்துவமனையில் இசிஜியை மறுபடி எடுப்பார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் விட்டு மறுபடி செய்வார்கள்.

புதிதாகத் தொடங்கிய இறுக்கம் என்பதால் நாளைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நடைப்பயிற்சி வேண்டாம். நீங்களாகவே லேபுக்குப் போய் டிரெட்மில் டெஸ்ட்டும் செய்துகொள்ளாதீர்கள். எக்கோவா, ஆஞ்சியோவா என்பதை அவர் முடிவு செய்யட்டும். இதற்கிடையில் சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, நின்று ஐந்து நிமிடமாகியும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். சோடா குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள்.

பழைய இசிஜியையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். 'கேஸ் டிரபிள்' என்று ஆரம்பிக்காமல், எவ்வளவு நடந்தால் வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று எனக்கு எழுதியது போலவே அவரிடம் சொல்லுங்கள்.