இழவு வீட்டில் சிரித்த பிள்ளை: ஆட்டிசம் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளது. மாமனார் இறந்த வீட்டில் எல்லோரும் அழுதபோது இவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "கல் நெஞ்சுக்காரன்" என்று நாத்தனார் சொல்லிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து தாத்தாவின் செருப்பைத் தினமும் எடுத்து வாசலில் நேராக வைக்கிறான். இவனுக்கு இரக்கம் வர என்ன பயிற்சி தரலாம்?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: செருப்பு விஷயத்தை நாத்தனாரிடம் சொன்னீர்களா அம்மா? முதலில் அதைச் சொல்லுங்கள். கொட்டும் வேட்டும் ஒப்பாரியும் ஒன்றுசேர்ந்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். காதைப் பொத்திக்கொண்ட பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு பெரும்பாலும் பதற்றத்தில் வந்திருக்கும்.

அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது ஒரு திறன். அடுத்தவர் துன்பம் கண்டு கலங்குவது வேறு. 1985-இல் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் லண்டனில் இரண்டு பொம்மைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பொம்மை கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகும். மற்றது அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றிவிடும். திரும்பி வரும் பொம்மை குண்டை எங்கே தேடும்? மாற்றியதை அது பார்க்கவில்லை, அதனால் கூடையில்தான் தேடும். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகப் பெட்டியைக் காட்டினார்கள். அங்கே அளக்கப்பட்டது ஊகம் மட்டுமே. அதை வைத்து இந்தப் பிள்ளைகளுக்கு ஈரமே இல்லை என்று முத்திரை குத்தியது அநியாயம்.

உங்கள் மகனுக்கு வேண்டியது முன்கூட்டிய விவரம். திதிக்கு முன்பு படம் வரைந்து சொல்லுங்கள்: "நிறையப் பேர் வருவார்கள். அப்பத்தா அழுவார். நீ செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சத்தம் தாங்கவில்லை என்றால் என் கையை இழு, வெளியே போய்விடலாம்." அமெரிக்க ஆசிரியர் கரோல் கிரே 1990-களில் பரப்பிய 'சமூகக் கதை' முறையும் ஏறத்தாழ இதுதான்.

கேள்வி: பயிற்சி மையத்தில் கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் மிட்டாய் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் ஓய்ந்துபோய்ப் படுத்துவிடுகிறாள். தொடரலாமா?
- ஒரு தந்தை, மதுரை

பதில்: அந்த ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறுவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இயல்பை மறைத்து நடிப்பது சோர்வையும் பதற்றத்தையும் கூட்டும். பேசுபவர் பக்கம் திரும்பி நின்றால் போதும். (நம் பக்கத்தில் பெரியவர்களைக் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேசினால் 'முறைக்கிறாள்' என்பார்கள். பிறகு யாருக்காக இந்தப் பாடம்?)

கேள்வி: பத்தே வகுப்பில் இரக்க குணத்தை வரவழைப்பதாக ஒரு நோட்டீஸ் பார்த்தேன். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் மிச்சம்.

கேள்வி: என் ஆறாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் இருக்கிறான். மற்ற பிள்ளைகள் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?
- ஓர் ஆசிரியை, மேலூர்

பதில்: அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர்? டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் எழுதியது இதைத்தான்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. 2020-இல் வெளியான எடின்பரோ ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவராகச் சொன்னபோது, ஆட்டிசம் இல்லாதவர்கள் தங்களுக்குள் சொன்ன அளவுக்கே விவரம் தங்கியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் தவறிப்போனது.

ஆகவே பாடம் வகுப்புக்கே நடக்கட்டும். "அவனிடம் சுற்றிவளைக்காமல் கேளுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள், கேட்காமல் தோளில் கை போடாதீர்கள்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பல்லாங்குழி, தாயம் போல முறை தெளிவாக மாறி வரும் ஆட்டங்களில் அவனைச் சேருங்கள். கபடி பிடிக்காவிட்டால் புள்ளி எழுதும் வேலையைக் கொடுங்கள். அது நிஜ வேலையாக இருக்கட்டும், ஒப்புக்குச் சப்பாணியாக வேண்டாம்.

கேள்வி: பிறரோடு பழகப் பிள்ளைகளைக் கூட்டாக உட்காரவைத்துச் சொல்லித்தரும் குழுப் பயிற்சி எங்கள் ஊரில் கிடையாது. வாரா வாரம் மதுரைக்கு பஸ் ஏற வசதியில்லை. மகன் பின்தங்கிவிடுவானா?
- ஒரு தாய், உசிலம்பட்டி அருகே

பதில்: குழுப் பயிற்சியால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் வகுப்பில் ஒப்பிக்கும் பிள்ளை தெருவில் அதைச் செய்யாமல் நிற்பதுதான் இதன் பழைய குறை. நீங்கள் தெருவிலேயே தொடங்கலாம். பக்கத்துப் பெட்டிக்கடையில் "அண்ணே, ஒரு தேங்காய் பன்" என்று கேட்டு, காசு கொடுத்து, மிச்சம் வாங்கி வரட்டும். முதலில் நீங்கள் கூடவே நின்று சொல்லிக்கொடுங்கள். பிறகு நாலடி தள்ளி. பிறகு திண்ணையில் உட்கார்ந்தபடி. வாய்ப்பேச்சு வராவிட்டால் பன் படம் உள்ள அட்டையை நீட்டினாலும் அது கேட்டதுதான். கடைக்காரரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள்.