கடற்கரை ஊரில் ஹியூமிடருக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

கேள்வி: துபாயில் இருக்கும் என் அண்ணன் 25 கியூபா சிகார் உள்ள ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். அதற்காக ஆன்லைனில் ஒரு மர ஹியூமிடர், அதாவது சிகாரை ஈரப்பதம் மாறாமல் வைக்கும் பெட்டி, வாங்கினேன். கூட வந்த குறிப்பில் இருந்தபடி உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, ஸ்பாஞ்சில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மூடியில் உள்ள ஈரப்பத மீட்டரின் முள் எப்போதும் 70-இலேயே நிற்கிறது. ஆனால் சிகாரை அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறது, பற்றவைத்தால் பாதியில் அணைந்துவிடுகிறது. இரண்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஹியூமிடரை விற்றவரைக் கேட்டால், அது நன்றாக முதிர்ந்ததற்கு அடையாளம், தொடாதீர்கள், மாதம் ஒரு பாட்டில் திரவம் வாங்கி ஊற்றுங்கள் என்கிறார். ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா? என் மாமனார் தன் உறையூர் சுருட்டுக் கட்டையும் இதிலேயே வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா? - ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: முதலில் அந்த ஸ்பாஞ்சை எடுத்து வெளியே வையுங்கள். இந்தப் பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம். உங்கள் பெட்டியில் ஈரம் குறையவில்லை, அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது.

ஹியூமிடருடன் வரும் குறிப்புத் தாள் நம் ஊருக்காக எழுதப்பட்டதே இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அங்கே சிகார் காய்ந்து, மேல் இலை வெடித்துவிடும். ஆகவே மரத்தை ஈரப்படுத்து, தண்ணீர் ஊற்று என்று எழுதுகிறார்கள். திருவான்மியூரில் கடற்காற்று வீசும் வீட்டில், ஆண்டின் பெரும்பகுதி காற்றிலேயே 70 சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இன்னும் ஏறும். மரம் மண்பானை மாதிரி, சுற்றியுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் நீங்கள் ஈரத்துணியால் வேறு துடைத்து, ஸ்பாஞ்சும் வைத்தால் பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்? இந்த ஊரில் ஹியூமிடரின் வேலை ஈரம் கொடுப்பது அல்ல, வெளி ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

முள் 70-இல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அசையாமல் நிற்பதே அதை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம். மலிவான ஹியூமிடர்களில் பதித்துத் தரும் பித்தளை வளையம் போட்ட அந்த மீட்டர் அலங்காரப் பொருள், அவ்வளவுதான். பத்து, பதினைந்து புள்ளி தவறாகக் காட்டுவது அதற்குச் சாதாரணம். நல்ல கடிகாரம் போலத் தோற்றம் கொடுத்து, உள்ளே எதையும் அளக்காத பொருளை இத்தனை பேருக்கு விற்க எப்படி விடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கிற நாட்டில், இதற்குக் கேட்பாரே இல்லை.

சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள். அதையும் அப்படியே நம்பாமல் வீட்டு உப்பை வைத்துச் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். அதையும் மீட்டரையும் ஒன்றோடொன்று படாமல் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து நன்றாக மூடி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். அந்த மூடிய காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். சென்னையில் 25 டிகிரி இருந்தாலும் 30 இருந்தாலும் அது பெரிதாக மாறாது. உங்கள் மீட்டர் 71 காட்டினால், இனிமேல் அது காட்டுவதோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள். சோதனை முடிந்தது. இதற்கு ஒரு கருவி இருக்கிறது, வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

இந்த உப்பு ஒரே அளவில் நிற்கிற அதே தத்துவத்தில்தான் இருவழி ஈரப்பதப் பாக்கெட்டுகளும் வேலை செய்கின்றன. போவேடா என்ற பெயரில் கிடைப்பவை பரவலாகத் தெரிந்தவை. உள்ளே உப்புக் கரைசல், வெளியே நீராவியை மட்டும் விடும் தாள். காற்று காய்ந்தால் ஈரம் விடும், ஈரம் மிஞ்சினால் உறிஞ்சும். பாக்கெட்டின் மேல் 62, 65, 69, 72 என்று எண் போட்டிருக்கும். கடைக்காரர்கள் பெரும்பாலும் 72-ஐ எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் 65 கேளுங்கள், இல்லையென்றால் 62. பழைய கணக்கு 70 சதவீத ஈரம், 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 டிகிரி செல்சியஸ். ஏசி இல்லாத நம் அறை 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் 70 சதவீதம் வைத்தால் பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் விருந்து வைப்பது போலாகிவிடும். கியூபா சிகாரைக் கொஞ்சம் காய்ந்த பதத்தில் வைப்பதையே பழகியவர்கள் பலரும் விரும்புகிறார்கள், நன்றாக எரியும். 25 சிகாருக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று போதும்.

ஆனால் அந்தப் பாக்கெட்டை உங்கள் மர ஹியூமிடரில் போட்டால், மூடி இடுக்கு வழியாக வரும் சென்னைக் காற்றின் ஈரத்தை எல்லாம் குடித்து, சில வாரங்களில் ஊறித் தண்ணீராகிவிடும். மூடியை லேசாக மேலிருந்து விட்டுப் பாருங்கள். காற்றை அமுக்கிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். டப்பென்று விழுந்தால் அது அடைப்பு இல்லாத பெட்டி. அப்படியானால் பாத்திரக் கடைக்குப் போய், மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கம் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் உணவு டப்பா ஒன்று வாங்குங்கள். வாடை இல்லாமல் கழுவிக் காயவைத்து, சிகார்களை அவை வந்த பெட்டியோடு உள்ளே வைத்து, 65 பாக்கெட்டும் மீட்டரும் போட்டு மூடிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மரப்பெட்டியை விட இந்த டப்பா நம் ஊரில் நன்றாக வேலை செய்யும். இதைச் சொன்னால் விற்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதற்கு நிறுத்தத் தெரியாது, உறிஞ்சிக்கொண்டே போகும்.

மெத்தென்று இருக்கும் சிகார்கள் பழைய பதத்துக்கு வர மூன்று, நான்கு வாரம் ஆகலாம். அவசரப்பட்டு வெயிலில் வைப்பதோ, ஏசி காற்றில் காட்டுவதோ வேண்டாம். வெளி இலை முதலில் சுருங்கும், உள் இலை உப்பியே இருக்கும், நடுவில் வெடித்துவிடும்.

இப்போது அந்த வெள்ளைப் பூப்பு. அதை ஆங்கிலத்தில் ஒரு அழகான பெயர் சொல்லி, இலையின் எண்ணெய் மேலே வந்து படிந்திருக்கிறது, இது உயர்ந்த சரக்கு என்று விற்பவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் பூஞ்சணமாகவே இருக்கிறது. ஈரம் மிஞ்சிய பெட்டியில், அமுங்கும் சிகாரில், இரண்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்கிறீர்கள். இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. கெட்டுப்போகத் தொடங்கிய பொருளைக் காட்டி, இது முதிர்ச்சி என்று சொல்லி, அதைக் கெடுத்த ஈரத்தையே பாட்டில் திரவமாக மாதாமாதம் விற்கிறார் ஒருவர். இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேல் இலையில் மட்டும் வெள்ளையாக இருந்தால், மற்றவற்றிலிருந்து பிரித்து, திறந்த இடத்தில் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, தனி டப்பாவில் வையுங்கள். பற்றவைக்கும் முனையில் உள் இலைகளுக்கு நடுவே தெரிந்தாலோ, பச்சை, நீலம் கலந்திருந்தாலோ குப்பையில் போடுங்கள். விலையை நினைத்து மனசு கேட்காதுதான், ஆனாலும் போடுங்கள். மர ஹியூமிடரின் உட்புறத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, திறந்து காயவிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பாதுகாத்து முதிர்ந்த சிகார் உடம்புக்குக் கெடுதல் குறைவு என்று இதே ஆட்கள் சொல்வார்கள். பொய். சேமிப்பால் மாறுவது சுவையும் எரிதலும் மட்டுமே.

வண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் சூட்டில் அதுதான் பெரிய ஆபத்து. சமையலறையில் மஞ்சள், மிளகாய், கொத்தமல்லி விதையைத் துளைக்கும் அதே சின்னப் பழுப்பு வண்டு புகையிலையையும் தின்னும். இலையோடு வந்த முட்டை சூடு 24, 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கத் தயாராகிவிடும். 30 டிகிரியில் முட்டை வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம் போதும். குண்டூசி குத்தியது போல வட்ட ஓட்டையும் அடியில் பொடியும் தெரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். மளிகை அலமாரிக்குப் பக்கத்தில் சிகார் வைக்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து அடிக்க முடியாது, உறையவைக்கத்தான் வேண்டும். ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, இன்னொரு கவரில் போட்டு மூடுங்கள். ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். அப்புறம் ஃப்ரீஸரில். மைனஸ் 18 டிகிரி உறுதியாக இருந்தால் மூன்று நாள் போதும் என்பார்கள், அடிக்கடி கதவு திறக்கும் வீட்டு ஃப்ரீஸரை நம்பாமல் ஒரு வாரம் விடுங்கள். மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு, கடைசியாக வெளியே. அறைச் சூடு வரும்வரை கவரைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சில்லிட்ட சிகார் மேல் நம் காற்று தண்ணீராகப் படியும். உங்களுக்கு ஒரே ஒரு மாற்றம்: சிகார்கள் ஏற்கெனவே ஊறியிருப்பதால், முதலில் 65-க்கு இறக்கி, பிறகு உறையவையுங்கள். ஊறிய சிகாரை உறையவைத்தால் மேல் இலை விரிசல் விடும்.

கியூபாவிலிருந்து முறையாக வரும் சிகார்களை ஏற்றுமதிக்கு முன் உறையவைத்தே அனுப்புகிறார்கள். பிறகு ஏன் இந்த வேலை என்றால், உங்களிடம் இருப்பது முறையாக வந்ததா என்பது தெரியாது. அண்ணன் நல்ல மனதோடு வாங்கியிருப்பார். அவருக்கு விற்றவர் யார்? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சூட்டு முத்திரையும், தொழிற்சாலைக் குறியீடும், ஸ்பானிஷ் சுருக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பச்சை நிற உத்தரவாத முத்திரை இருக்கும். அதில் உள்ள பார்கோடு எண்ணை கியூபா சிகார்களை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா என்ற கியூபா பிராண்டின் பெட்டி என்றால் எண்ணே தேவையில்லை, அது போலி. பாண்டி பஜாரில் ‘விமான நிலைய சரக்கு’ என்று காதோடு சொல்லி விற்பவர்களிடமும், வாட்ஸ்ஆப்பில் பாதி விலைக்கு வரும் பெட்டிகளிலும் போலி சகஜம். சட்டப்படி இறக்குமதியான பெட்டி என்றாலும் நிம்மதி இல்லை. அட்டையில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார்கள், அது வேண்டியதுதான். ஆனால் சரக்கு எந்தக் கிடங்கில், எத்தனை டிகிரியில், எத்தனை மாதம் கிடந்தது என்று அந்த அட்டையில் ஒரு வரி கிடையாது. கெட்டதை வாங்கியவர் எங்கே போய்க் கேட்பார்?

ஃப்ரிட்ஜ் விஷயம். உறையவைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், வைத்திருக்க வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள் காற்று காய்ந்தது, சாம்பார் வாசனையும் ஏறும். ஒயின் கூலர் என்ற குட்டி ஃப்ரிட்ஜை வாங்கச் சொல்பவர்களிடம் இதைக் கேளுங்கள்: 30 டிகிரியில் 70 சதவீத ஈரமுள்ள காற்றை 24 டிகிரிக்குக் குளிர்வித்தாலே அது நீராகச் சொட்டத் தொடங்கும், அப்போது சிகார் என்ன ஆகும்? வெளிச்சுவர் ஒட்டாத, வெயில் படாத, வீட்டின் உள் அலமாரியின் கீழ்த்தட்டு போதும். பரண் வேண்டாம், அங்கே சூடு தங்கும்.

கடைசியாக உங்கள் மாமனார். அவருடைய சுருட்டுக் கட்டை உங்கள் டப்பாவில் வைக்காதீர்கள். உறையூர் சுருட்டு கியூபா சிகார் போல 65, 70 சதவீத ஈரத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய பொருள் அல்ல. இரு முனையும் வெட்டிய, காய்ந்த நிலையில் புகைப்பதற்காகச் சுற்றிய சுருட்டு அது. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்த காலத்திலிருந்து இன்றுவரை, திருச்சி, திண்டுக்கல் பக்கத்துக் கடைகளில் கட்டாகத்தான் வைத்து விற்கிறார்கள், யாரும் ஸ்பாஞ்ச் வைப்பதில்லை. ஹாலந்து பக்கத்து உலர் சிகார்களும் இந்த வகையே, அவற்றுக்கும் ஹியூமிடர் வேண்டாம். ஈரப் பெட்டியில் வைத்தால் சுருட்டு பதம் கெட்டு நமத்துப்போகும், அதன் காரமான வாசனை உங்கள் சிகார்களில் ஏறும், கட்டில் வண்டு முட்டை இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். மழைக்காலத்தில் மட்டும் அவருடைய சுருட்டுக் கட்டைத் தாளில் சுற்றி, இறுக்கமான மூடி உள்ள ஒரு எவர்சில்வர் டப்பாவில், பாக்கெட் எதுவும் போடாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். தை பிறந்ததும் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.