எரிவாயுச் சூளையை ஹைட்ரஜனில் ஓட்ட முடியுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் செராமிக் டைல்ஸ் தயாரிக்கத் திட்டமிடுகிறோம். இயற்கை எரிவாயுவுக்காக வடிவமைத்த 1,150 டிகிரி செல்சியஸ் சூளையை வாங்கி, பர்னரை மட்டும் மாற்றி ஹைட்ரஜனில் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் பர்னரை மட்டும் மாற்றினால் போதாது, உங்கள் சூளைக்கு அது தேவையென்றும் எனக்குத் தோன்றவில்லை. (ஆத்தங்குடிக் கல்லாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது, அது சிமெண்டால் ஆனது, சுடுவதே இல்லை.) தேவகோட்டைக்காரனான நான் சூளைப் பராமரிப்பில் இருப்பவன் என்பதால் பர்னரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் வெப்பம், அதே அளவு இயற்கை எரிவாயு தருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆயினும் அது மிகவும் இலேசானதாகையால், அதே அழுத்தத்தில் அதே துளை வழியே கிட்டத்தட்ட மும்மடங்கு வேகமாகப் பாய்ந்து அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் சுடர் மீத்தேன் சுடரைவிடப் பல மடங்கு விரைவாகப் பரவுவதால், காற்றையும் வாயுவையும் முன்கூட்டியே கலக்கும் பர்னர்களில் தீ பின்னோக்கி ஓடி உள்ளேயே பிடித்துக்கொள்ளக்கூடும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்குப் புலப்படாது. சுடரின் மின்கடத்தலை வைத்துத் தீ எரிகிறதா என்று அறியும் வழக்கமான கம்பியும் அதனிடம் ஏமாந்துவிடும், புறஊதா உணரிதான் வேண்டும். சுடரின் வெப்பநிலை கூடுவதால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெருகும். அதே வெப்பத்திற்கு மீத்தேனைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக நீராவி உண்டாவதால், மெருகுப் பூச்சின் நிறமும் பளபளப்பும் எப்படி வரும் என்பதைச் சோதனையாகச் சுட்டுப் பார்த்தே சொல்ல முடியும்.

இவை தீர்க்கக்கூடியவையே. இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் பில்கிங்டன் நிறுவனம் 2021-இல் கண்ணாடி உலையிலேயே ஹைட்ரஜனைச் சோதித்துவிட்டது.

ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்பதுதான் பெரிய கேள்வி. மணிக்கு 100 கன மீட்டர் இயற்கை எரிவாயு குடிக்கும் சூளைக்குக் கிடைக்கும் வெப்பம் சுமார் 1,000 யூனிட். அதற்கு ஈடாக ஏறக்குறைய 30 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோவை மின்னாற்பகுப்பால் நீரிலிருந்து பிரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகும். ஆக, 1,000 யூனிட் வெப்பத்திற்கு 1,500 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகிறது. ஊருணியை நம்பி வாழ்ந்த நம்மவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். ஆனால் வேதியியல் கணக்கில் கிலோவுக்கு 9 லிட்டர்தான், சுத்திகரிப்பில் கழிவதைச் சேர்த்தாலும் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு டேங்கர் லாரியில் அடங்கிவிடும். மின்கட்டணம் அப்படி அடங்காது.

அதே மின்சாரத்தை நேரே சூளைக்குக் கொடுத்தால், 1,150 டிகிரிக்கு மின்சாரத்தால் சூடேறும் சிலிக்கன் கார்பைடு தண்டுகள் தாராளமாகப் போதும். புகைபோக்கி வழியே வீணாகும் வெப்பமும் குறையும். இயற்கை எரிவாயுவோடு 20 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து தொடங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கன அளவில் 20 என்பது வெப்பத்தில் 7 சதவீதம்தான். கரியமில வாயுவும் அவ்வளவே குறையும்.

அப்படியும் ஹைட்ரஜன்தான் வேண்டுமென்றால், அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. மின்னாற்பகுப்புக் கருவி வாங்குமுன் அங்கே கலந்து பேசுங்கள். சூளை விற்பவரிடம் மின்சாரச் சூளைக்கும் விலை கேளுங்கள். எரிவாயுச் சூளையையே எடுப்பதானால், பர்னர், வால்வுகள், உணரி ஆகியவை முழு ஹைட்ரஜனுக்கு ஏற்றவை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.