வாஃபிள்: வீட்டில் சுடுவதா, உறைந்த பொதி வாங்குவதா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்த அக்கா, வாஃபிள் எனும் கட்டம் கட்டமாகக் குழிவிழுந்த அப்பத்தைச் சுடும் மின்கருவியொன்றைத் தந்துவிட்டுப் போனார். பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு அதில் சுடுவதா, கொழும்பிலிருந்து உறைந்த பொதிகளை எடுப்பிப்பதா நல்லது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தயங்காமல் வீட்டிலேயே சுடுங்கள், சகோதரி. உறைந்த வாஃபிள் 1953ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வீடுதோறும் உறைபெட்டியும் டோஸ்டரும் இருந்த ஊரின் அவசரத்துக்கு அது பொருந்தியது. ஏ9 வீதியில் பல மணி நேரம் பயணப்பட்டு வரும் பொதியோ, வழியில் ஒருமுறை இளகி மீண்டும் உறைந்தாலே ஈரம் கசிந்து தோல்போல் இழுபடும். விலையும் கூட.

இரண்டு கப் கோதுமை மாவுக்கு நான்கு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு முட்டை, ஒன்றே முக்கால் கப் பால், அரைக் கப் எண்ணெய், சிறிது சீனி, உப்பு போதும். மாவை அதிகம் அடிக்க வேண்டாம். அடித்தால் வாஃபிள் இறுகிவிடும். எண்ணெயைக் குறைக்கவும் வேண்டாம், மொறுமொறுப்பைத் தருவது அதுதான். கருவியிலிருந்து ஆவி எழுவது அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

பள்ளி நாள் அவசரத்துக்கு, ஞாயிறன்று சுட்டவற்றைக் கம்பித்தட்டில் நன்றாக ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்த பின்னரே பையில் இடுங்கள். காலையில் இளகவிடாமல் நேரே தோசைக்கல்லில், சிறு தீயில் இருபுறமும் சூடாக்கலாம். மின்சாரம் நெடுநேரம் நின்று அவை முற்றாக இளகிவிட்டால், மறுபடி உறையவைக்காமல் அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மேலே ஊற்ற, கடைப் பாணியைவிட முல்லைத்தீவுக் காட்டுத்தேன் எவ்வளவோ மேல்.