பெரு போகிறவர்கள் கேட்கிறார்கள்: வாசகர் கேள்வி – பதில்

மே மாத விடுமுறையில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு பெரு போகிறோம். 66 வயது அம்மாவும் வருகிறார். லிமாவில் இறங்கிய மறுநாளே கூஸ்கோ, அங்கே இரண்டு நாள், அதன்பின் மாச்சு பிச்சு என்று திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா?
*– வாசகி, நங்கநல்லூர்*

மாதம் சரி. பெருவின் மலைப்பகுதியில் மே மாதம் வறண்ட பருவத்தின் தொடக்கம். மழை ஓய்ந்திருக்கும், மலைகளில் பச்சை மிச்சமிருக்கும். இரவில் கூஸ்கோ நன்றாகக் குளிரும், அதற்குத் துணி வேண்டும். மாற்ற வேண்டியது ஊர்களின் வரிசையை.

பலர் இன்காக்களின் மலைநகரமான மாச்சு பிச்சுதான் உச்சி என்று நினைக்கிறார்கள். அது 2,430 மீட்டர், ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் உயரம். கூஸ்கோ நகரமோ 3,400 மீட்டர். கடலோர லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய் இறங்குவதால்தான் உடம்பு திணறுகிறது. ஆகவே கூஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல், காரில் நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஊர்களில் உருபம்பா சுமார் 2,870 மீட்டர், ஒயந்தைதாம்போ 2,790 மீட்டர். அங்கே இரண்டு இரவு. பிறகு ஒயந்தைதாம்போவிலிருந்து ரயிலில் மாச்சு பிச்சுவின் அடிவார ஊரான அகுவாஸ் காலியந்தேஸ் போய் ஒரு இரவு தங்கி, காலையில் மேலே ஏறுங்கள். கூஸ்கோவைக் கடைசி மூன்று நாளுக்கு வையுங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

முதல் நாள் அரை வயிறு சாப்பாடு, மெதுவான நடை, மது வேண்டாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். தலைவலி இருக்கும்போது இன்னும் உயரம் ஏறக்கூடாது. நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உயரத்தின் பாதிப்பைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர்கள் வழக்கமாக 125 மி.கி. வீதம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவார்கள். சல்பா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்த மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட்டே வாங்குங்கள். விடுதிகளில் தரும் கோக்கா இலைத் தேநீர் இதமாக இருக்கும், மருந்துக்கு ஈடாகாது. அந்த இலையையோ தேநீர்ப் பையையோ நினைவுப்பொருளாகக்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள். நம் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் தடைசெய்யப்பட்டது.

மாச்சு பிச்சுவில் சீட்டு எடுக்கும்போதே எந்தச் சுற்றுப்பாதை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் சுற்று மேலிருந்து பார்ப்பதோடு சரி, நகருக்குள் போகாது. இரண்டாவதில் எல்லோரும் எடுக்கும் அந்தப் படமும் கிடைக்கும், நகருக்குள்ளும் போகலாம். மூன்றாவது தாழ்வான பகுதியில் போகிறது, ஏற்றம் குறைவு. அம்மாவுக்கு மூன்றாவதுதான் நல்லது. முனையில் ரப்பர் போட்ட கைத்தடியை முதியவர்கள் கொண்டுபோகலாம். கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும்தான். உள்ளே போனபின் வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. 5,000 மீட்டருக்கு மேலுள்ள வானவில் மலையை யாராவது கூடுதலாகச் சேர்த்துத் தருகிறேன் என்றால், அம்மாவை வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விசா, தடுப்பூசி எல்லாம் எப்படி? என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. சிக்கல் வருமா?
*– வாசகர், அம்பத்தூர்*

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தாலோ, அங்கே நிரந்தர வசிப்புரிமை இருந்தாலோ இந்தியர்கள் பெருவுக்குத் தனி விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். இல்லாதவர்கள் டெல்லியிலுள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்குமுன் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டுமானாலும் அந்நாட்டு விசா கட்டாயம்.

பலர் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. கூஸ்கோவுக்கும் மாச்சு பிச்சுவுக்கும் மட்டும் போகிறவர்களிடம் பெருவில் அதைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது இந்தியாதான் கேட்கிறது. பெருவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். போகுமுன் அங்கே எந்த நாளில், எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. 60 வயது தாண்டி முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், கொஞ்சம் கூடுதல். நங்கநல்லூர் வாசகி இதைக் கவனிக்க வேண்டும். ஊசி கூடாது என்று மருத்துவர் சொன்னால், திரும்பும்போது என்ன நடைமுறை என்று விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் முன்பே கேட்டு வையுங்கள்.

பெயர் விஷயம். மாச்சு பிச்சு சீட்டும் ரயில் சீட்டும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். குடும்பப் பெயர் இல்லாமல் இணையப் படிவம் நகரவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே இரண்டாகப் பிரித்தோ, இரு கட்டங்களிலும் திரும்பவோ எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத இனிஷியலைப் புதிதாகச் சேர்க்காதீர்கள். எண் பிசகாமல் இருக்க வேண்டும். முன்பதிவுக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழையதையும் கையில் வைத்திருங்கள். நான்கு நாள் நடைபயணமான இன்கா பாதைக்கு இது இன்னும் கறார். வழிகாட்டிகள், சுமைதூக்கிகளையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேர்தான். மே, ஜூன் இடங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பாதையைப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள்.

இன்கா நாகரிகம் எத்தனை ஆயிரம் ஆண்டு பழமையானது? தமிழர்களோடு தொடர்பு உண்டு என்கிறார்களே?
*– வாசகர், மயிலாப்பூர்*

ஆயிரம்கூட இல்லை. சிறிய கூஸ்கோ அரசைப் பேரரசாக விரித்தவர் பச்சகூத்தி. அவர் ஆட்சிக்கு வந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1438. ஸ்பானியத் தளபதி பிசாரோவின் 168 பேர் கொண்ட படை கஹமார்க்காவில் இன்கா மன்னர் அத்தவால்பாவைப் பிடித்தது 1532 நவம்பர் 16-ஆம் தேதி. இடைப்பட்டது ஏறத்தாழ நூறு ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் மாச்சு பிச்சுவில் கல் வைத்தார்கள்.

பெருவின் பழமை இன்காக்களுக்கு முன்னால் இருக்கிறது. லிமாவுக்கு வடக்கே உள்ள காரல் ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை. பிறகு சாவின், நாஸ்கா, மோச்சே, வாரி, சிமு என்று நீண்ட வரிசை. கூஸ்கோ போகுமுன் லிமாவின் லார்க்கோ அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். இன்காக்கள் எந்தெந்த நெசவு, உலோக வேலைகளை முன்னோரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

தமிழர் தொடர்புக்கு ஆதாரம் இல்லை. ஸ்பானியர் வருமுன் அங்கே இரும்பு இல்லை, நெல் இல்லை, சக்கர வண்டி இல்லை. யாருடைய உதவியும் இல்லாமல் அந்த மக்கள் செய்ததை அவர்கள் பேரிலேயே விட்டுவைப்பதுதான் நியாயம்.

கட்டுமானப் பொறியாளன் நான். அவ்வளவு மழையில் மலைச்சரிவில் மாச்சு பிச்சு எப்படி நிற்கிறது?
*– வாசகர், வேளச்சேரி*

சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. மாச்சு பிச்சுவில் 2,000 மி.மீ.க்குப் பக்கம், அதுவும் செங்குத்துச் சரிவில். அங்கே நகரம் கட்டியவர்கள் முதலில் வழி செய்தது தண்ணீருக்குத்தான். கட்டுமான உழைப்பில் சுமார் 60 விழுக்காடு மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பது, அந்த நீர் அமைப்பை ஆராய்ந்த பொறியாளர் கென்னத் ரைட்டின் மதிப்பீடு.

படிக்கட்டு வயல்களைப் பாருங்கள். ஒவ்வொரு தாங்குசுவரும் மலைப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதன் பின்னால் அடியில் பெருங்கல், மேலே சரளை, அதன்மேல் மணல் கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேலே வளமண். மழைநீர் மேலே ஓடி மண்ணை அரிக்காமல் உள்ளே இறங்கி வடிகிறது. சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி அழுத்தம் கூடினால்தானே தாங்குசுவர் விழும்? அந்த அழுத்தத்துக்கே இடம் கொடுக்கவில்லை. நடு மைதானத்துக்கு அடியில், கல் செதுக்கியபோது உதிர்ந்த கருங்கல் சில்லுகளைப் பரப்பியிருக்கிறார்கள். கழிவு என்று எதையும் வீணாக்கவில்லை. சுவர்களில் 130 அளவில் வடிகால் துளைகள். குடிநீர் தனி: மலை ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கால்வாய் வந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக 16 நீர்த்தொட்டிகளில் விழுகிறது.

கூஸ்கோவில் இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிக்காஞ்சாவையும் பாருங்கள். 1950 நிலநடுக்கத்தில் அதன்மேல் கட்டிய தேவாலயம் பெரும் சேதம் கண்டது. கீழே இருந்த இன்கா சுவர் நின்றது. உட்பக்கச் சாய்வு, மேலே குறுகும் வாசல், சாந்து இல்லாமல் இழைத்துப் பொருத்திய கல் மூன்றையும் ஒரே இடத்தில் காணலாம்.

இன்காக்கள் எழுத்தே இல்லாமல் எப்படிக் கணக்கு வைத்தார்கள்?
*– மாணவி, தாம்பரம்*

கயிற்று முடிச்சில். அதன் பெயர் கிப்பு. ஒரு முதன்மைக் கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் கீழே ஒன்றின் இடம், மேலே பத்து, அதற்கு மேலே நூறு. 243 என்றால் மேலே இரண்டு தனி முடிச்சு, நடுவில் நான்கு, கீழே மூன்று சுற்றுள்ள ஒரு நீள முடிச்சு. முடிச்சே இல்லாத வெற்றிடம் பூச்சியம். இதை அமெரிக்க ஆய்வாளர் லீலண்ட் லாக் 1912-இல் விளக்கினார். எண்ணாக அமையாத கிப்புகளும் உண்டு, அவை இன்னும் படிக்கப்படவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?
*– வாசகி, மேற்கு மாம்பலம்*

முடியும். உருளைக்கிழங்கின் தாயகமே அந்த மலைகள்தான். சோளம், கினோவா, சீஸ் எங்கும் கிடைக்கும். சிக்கல் சூப்பில். ஸ்பானிய மொழியில் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டால் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழி போடுவார்கள். ‘சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் கால்டோ’ என்று கோழி, மீன், இறைச்சிச் சாறு மூன்றையும் தனித்தனியாக மறுத்துச் சொல்லுங்கள்.

குக்கர் இல்லாமல் கெட்டிலில் சமைக்க நினைத்தால், கூஸ்கோவில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, சாதம் நறுக்கென்று நிற்கும். அவல் உப்புமா, ரவைக் கலவை போல ஏற்கெனவே வெந்த, வறுத்த பொருள்களாகக் கொண்டுபோங்கள். காற்றழுத்தம் குறைவதால் ஊறுகாய் உறைகள் உப்பி வெடிக்கலாம். திருகுமூடிப் புட்டியில் போட்டு உறைக்குள் வையுங்கள். பச்சைக் காய்கறி, பழம், விதை கொண்டுபோகக் கூடாது. மின்சாரம் 220 வோல்ட்தான். ஆனால் நம் மூன்று முள் பிளக் சேராது, மெல்லிய இரண்டு முள் அடாப்டர் வேண்டும்.